ஏரியைச் சுற்றினால் கிரிவலம் ஆகாதா? – வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் ஸ்லோவேனியா நாட்டுப் பொஹீன் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென்கிழக்கு மூலை அது. ஜூலியன் ஆல்ப்ஸ் என்பார்கள். ஜூலியஸ் சீசர் பெயரால் வந்தது. "சுவிட்சர்லாந்துக்குக் காசு சேர்க்கிறவர்கள் ஒரு தடவை இந்தப் பக்கமும் யோசித்துப் பாருங்கள்" என்று அதில் கேட்டுக்கொண்டேன். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. நான் பயண நிபுணன் இல்லை. மதுரைக் கோட்டத்தில் 34 வருஷம் தண்டவாளம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். மகள் முனிச்சில் இருப்பதால் 2019 செப்டம்பரில் நானும் வீட்டம்மாவும் அங்கே போய் 11 நாள் தங்கினோம். என் தகுதி அவ்வளவுதான்.

ஆல்ப்ஸ் என்றால் சுவிட்சர்லாந்துதானே? பெயரே கேள்விப்படாத ஊருக்கு எதற்குப் போக வேண்டும்?
– எஸ்.வி., சிம்மக்கல்

சுவிட்சர்லாந்து அழகுதான், நான் குறை சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் 9 நாளில் 5 நாடு பார்த்துவிட்டு வந்தார். ஆல்ப்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டேன். "உச்சியில் 40 நிமிஷம் விட்டாங்க. பனியில ஒரு போட்டோ, ஒரு காபி, இறங்கிட்டோம்" என்றார். அதற்குமேல் அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

நமக்கு மலை என்றால் அப்படியா? திருப்பரங்குன்றத்தை எத்தனை தடவை சுற்றி வந்திருப்போம்! ஒத்தக்கடைக்காரர்கள் பலர் ஆனைமலையில் ஒருநாள்கூட ஏறியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது கண்ணில் படாமல் அவர்களுக்குப் பொழுது விடியாது. மலை பக்கத்தில் இருக்கும், அதன் காலடியில் நம் பிழைப்பு ஓடும். பொஹீனில் எனக்குக் கிடைத்தது அந்த மாதிரி மலைதான். வேலி போட்டு டிக்கெட் கொடுக்கிற காட்சியாக இல்லாமல், வைக்கோல் காய்கிற, மாடு மேய்கிற, சர்ச் மணி கேட்கிற இடமாக இருந்தது.

ஏரி 4.2 கிலோமீட்டர் நீளம், ஆழம் 45 மீட்டர். மூன்று பக்கமும் மலை நெருக்கி நிற்கிறது. தெற்குக் கரையில் ரோடு உண்டு. வடக்குக் கரையில் காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதை மட்டும். சுற்றி நடந்தால் 12 கிலோமீட்டர் சுமார். முதல் நாள் காலை கிழக்குக் கரையில், கல் பாலமும் பழைய சர்ச்சும் இருக்கிற இடத்தில் நடக்க ஆரம்பித்தோம். வழியெல்லாம் பீச் என்கிற காட்டு மரங்கள். அவற்றின் வேர் தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கும். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கல் வரை தெரியும். மோட்டார் படகுச் சத்தம் கிடையாது. பேட்டரிப் படகு ஒன்று மட்டும் போய் வருகிறது. பாதி வழியில் வீட்டம்மா கேட்டாள்: "மலையைச் சுத்த முடியாது. ஏரியைச் சுத்தினா கிரிவலக் கணக்குல வராதா?" வரும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் தங்கியிருந்த நாளில் இன்னும் இரண்டு தடவை சுற்றினோம்.

நம் ஆனைமுடியை விட அந்த மலை எவ்வளவு உயரம்? அங்கே பனி இருக்கிறது, இங்கே ஏன் இல்லை?
– கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

நல்ல கேள்வி, தங்கச்சி. ஜூலியன் ஆல்ப்ஸின் உச்சிச் சிகரம் த்ரிக்லாவ், 2,864 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர். வித்தியாசம் 169 மீட்டர்தான். உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதில். நாம் 10 டிகிரி வடக்கில் இருக்கிறோம், அவர்கள் 46 டிகிரியில். அங்கே வெயில் சாய்வாக விழுகிறது, குளிர்காலத்தில் பகலும் சின்னது. அதனால் நம் பக்கம் 2,500 மீட்டரிலும் புல்லும் சோலைக்காடும் இருக்க, அங்கே அந்த உயரத்தில் வெறும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. த்ரிக்லாவுக்கு அடியில் ஒரு பனியாறுகூட இருந்தது. 1946-இல் அளந்தபோது 14 ஹெக்டேருக்கு மேல். இப்போது அரை ஹெக்டேர்கூட இல்லை.

த்ரிக்லாவ் என்றால் மூன்று தலை என்று பொருள். அந்த நாட்டுக் கொடியிலேயே அந்த மலைதான். ஸ்லோவேனியனாகப் பிறந்தவன் ஆயுளில் ஒரு தடவையாவது ஏறியாக வேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. நம் ஊரில் சதுரகிரியைச் சொல்கிற மாதிரி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் யாக்கோப் அல்யாஷ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். வெளியூர் மலையேற்றச் சங்கங்கள் சிகரங்களுக்குத் தங்கள் மொழியில் பெயர்ப்பலகை வைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. உச்சி நிலத்தை விலைக்கு வாங்கி, 1895-இல் நாலைந்து பேர் ஒண்டிக்கொள்கிற மாதிரி ஒரு தகரக் கூண்டை அங்கே நட்டுவிட்டார். இன்னும் நிற்கிறது. மலை உச்சிக்குப் பட்டா வாங்கின மனுஷன்! நாங்கள் ஏறவில்லை. கீழே இருந்து கும்பிட்டதோடு சரி.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?
– ஆர்.எம்., மேலூர்

முடியும். இளவட்டங்கள் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். வயசானவர்களிடம் சிரிப்பும் கைஜாடையும் போதும். அவர்கள் மொழியில் ஒருமை, பன்மைக்கு நடுவில் இருமை என்று ஒன்று உண்டு. 'நாங்கள் இரண்டு பேர்' என்பதற்குத் தனிச் சொல். தமிழில் நாம், நாங்கள் என்று பிரிக்கிறோம். அவர்கள் எத்தனை பேர் என்று பிரிக்கிறார்கள். வயசான தம்பதிகளுக்கு ஏற்ற இலக்கணம்.

ரயில்காரராக இருந்துகொண்டு அந்த ஊர் ரயிலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?
– பழைய சகா, ரயில்வே காலனி

அண்ணே, எழுதினேன். பக்கம் போதவில்லை என்று ஆசிரியர் வெட்டிவிட்டார். இப்போது விடப்போவதில்லை.

முனிச்சிலிருந்து ஏறி, ஆஸ்திரியாவைத் தாண்டி, யெசெனித்சே என்ற எல்லை ஊரில் இறங்கினோம். அங்கிருந்து பொஹீன் லைன் பிரிகிறது. நோவா கொரித்சா வரை 89 கிலோமீட்டர், இரண்டு மணி நேரச் சுமார். ஒற்றைப் பாதை, மின்சாரம் கிடையாது. சுவரெல்லாம் பெயின்ட்டில் கிறுக்கின பழைய டீசல் வண்டி வந்து நின்றது. வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையில் "இதுக்கா இவ்வளவு தூரம்" என்பது தெரிந்தது. வண்டி நகர்ந்து பத்து நிமிஷத்தில் அவளே ஜன்னலை இறக்கிவிட்டாள்.

ஆஸ்திரியப் பேரரசுக்குத் திரியெஸ்த் துறைமுகத்துக்கு இரண்டாவது ரயில் பாதை தேவைப்பட்டது. அதற்காகப் போட்டது இது. 1906-இல் திறந்தார்கள். நம் செங்கோட்டை – கொல்லம் பாதை ஓடத் தொடங்கியது 1904-இல். இரண்டும் சமவயசு என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆரியங்காவில் மலையைக் குடைந்த ரயில் குகைக்குள் ட்ராலியில் போனவன் நான். மேலே இருந்து சொட்டுகிற தண்ணீரும், இருட்டில் சக்கரம் போடுகிற சத்தமும் இன்னும் காதில் இருக்கிறது. பொஹீன் குகை 6,327 மீட்டர். நம் ஜங்ஷனில் ஏறித் திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் போகிற தூரம் கிட்டத்தட்ட. அத்தனையும் மலைக்கு அடியில். குகைக்கு அந்தப் பக்கம் போனால் நாடே மாறிவிட்ட மாதிரி இருக்கிறது: வீட்டுக் கூரை வேறு, காற்று வேறு, ஆற்றின் நிறம் வேறு. காரோடு ஏறிப் போகிற ரயிலும் உண்டு. குகைக்கு இந்தப் பக்கம் வண்டியை ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். மலைப்பாதையில் சுற்ற வேண்டாம்.

பாதை முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் சோல்கான் பாலம். சோச்சா ஆற்றின் மேல் ஒரே கல் வளைவு, ஒரு காலிலிருந்து மறு கால் வரை 85 மீட்டர். ரயில் போகிற கல் வளைவுப் பாலங்களில் உலகத்திலேயே பெரியது இதுதான். நம் ஆரியங்காவு பக்கத்துப் பதின்மூன்று கண்ணறைப் பாலத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஒரே கண்ணறையில் ஆற்றைத் தாண்டிவிட்டான் என்பது சாதாரண விஷயம் இல்லை. 4,533 கல். வளைவை அடுக்கி முடிக்க எடுத்துக்கொண்டது 18 நாள். எண்ணைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், அண்ணே. சாரத்துக்கும் கடைக்காலுக்கும் ஆன காலம் தனி. 1916 ஆகஸ்டில் பின்வாங்கிப் போன ஆஸ்திரியப் படையே அதை வெடிவைத்துத் தகர்த்தது. பிறகு அந்த நிலம் இத்தாலி கைக்குப் போக, அவர்கள் 1927-இல் திரும்பவும் கல்லிலேயே கட்டி முடித்தார்கள். வண்டியில் போனால் பாலம் தெரியாது. இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வீட்டம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து பூக்கட்டுகிற மாதிரி விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பொறுமை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

நோவா கொரித்சா ஸ்டேஷன் வாசலிலேயே நாட்டு எல்லை. சதுக்கத்துத் தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். முன்னே வேலி இருந்ததை 2004-இல் எடுத்துவிட்டார்கள். ஒரு கால் ஸ்லோவேனியாவில், ஒரு கால் இத்தாலியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

மாடு கன்று உண்டா? விவசாயம் எப்படி?
– விவசாயி, வாடிப்பட்டி

மாடுதான் அங்கே கதாநாயகன். புலிக்குளம் கிடை மாடுகளைக் காடு காடாக ஓட்டிப் போவது உங்களுக்குத் தெரியும். அதே வேலைதான். ஜூன் வாக்கில் மாடுகளை மலைமேல் புல்வெளிக்கு ஏற்றிவிடுகிறார்கள். மேய்ப்பவர்கள் அங்கேயே மரக்குடிசையில் தங்கிச் சீஸ் காய்ச்சுகிறார்கள். செப்டம்பரில் இறக்கும்போது மாட்டுக்குக் கழுத்தில் மணி, தலையில் பூ. பொஹீனில் அதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறார்கள்; 'மாட்டு ஆட்டம்' என்பது அதன் பெயருக்கு அர்த்தம். எங்களுக்கு அந்த நாள் வாய்த்தது. பார்த்தால் மாட்டுப்பொங்கல்தான், கரும்பு மட்டும் இல்லை. அவிழ்த்துவிட்டு அடக்குகிற பேச்சே கிடையாது. அலங்காநல்லூரைப் பற்றி ஒரு பெரியவரிடம் போனில் வீடியோ காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டுத் தன் மாட்டைத் தடவிக்கொடுத்தார்.

இன்னொன்று நீங்கள் ரசிப்பீர்கள். நாம் வைக்கோலைப் படப்பாகப் போடுகிறோம். அங்கே மழை ஓயாது. மேற்கு ஜூலியன் ஆல்ப்ஸில் சில இடங்களில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தரையில் போட்டால் புல் அழுகிவிடும். அதனால் வயலுக்கு நடுவே உயரமாக மரச் சட்டம் நட்டு, குறுக்குக் கட்டைகளில் புல்லைத் துணி காயப்போடுகிற மாதிரி தொங்கவிடுகிறார்கள். மேலே சின்னக் கூரை. கொசோலெட்ஸ் என்று பெயர். ஸ்டூதோர் என்ற கிராமத்தில் இரட்டைச் சட்டம் வைத்தவை வரிசையாக நிற்கின்றன. தேரோட்டத்துக்கு முந்தின நாள் தேர்களை வரிசையாக நிறுத்தின மாதிரி இருக்கும்.

டூர் கம்பெனிக்காரர் ஸ்லோவேனியாவும் 'கவர்' ஆகிறது என்கிறார். நம்பலாமா?
– பெயர் வேண்டாம், அண்ணா நகர்

'கவர்' என்றாலே கையைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். மகளுடைய சிநேகிதி குடும்பம் அப்படித்தான் ஏமாந்தது. பிளெட் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம், அங்கே பேர்போன கிரீம் கேக் ஒரு துண்டு, முடிந்தது. பிளெட் அழகில்லை என்று சொன்னால் பொய். தீவும் அதில் சர்ச்சும் 99 படியும் படம் மாதிரி இருக்கும். ஆனால் சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் நிற்கிற கூட்டம். அங்கிருந்து பொஹீன் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். பெரும்பாலானவர்கள் அதோடு திரும்பிவிடுவது நமக்கு நல்லதாகப் போயிற்று.

நான் முன்னாள் ராணுவத்தினன். முதல் உலகப் போர் நடந்த இடம் என்று ஒரு வரியில் விட்டுவிட்டீர்களே?
– டி. கல்லுப்பட்டி வாசகர்

மன்னிக்கவும். ஒரு வரியில் விடுகிற விஷயம் இல்லை அது. 1915 மே முதல் 1917 அக்டோபர் வரை, இத்தாலிக்கும் ஆஸ்திரியா–ஹங்கேரிக்கும் நடுவே சோச்சா ஆற்றங்கரையில் 12 சண்டைகள். ஆற்றின் இத்தாலியப் பெயர் இசோன்சோ. பன்னிரண்டாவது சண்டை 1917 அக்டோபர் 24-இல் கொபாரித் பக்கம் தொடங்கியது. ஜெர்மன் படையும் சேர்ந்து முறியடித்ததில், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலிய வீரர்கள் கைதானார்கள். இத்தாலியர்கள் அந்த ஊரைக் காப்பொரேத்தோ என்பார்கள். அவர்கள் பேச்சில் அந்தப் பெயருக்கே 'படுதோல்வி' என்று அர்த்தம் வந்துவிட்டது.

கொபாரித்தில் இதற்கென்றே ஒரு மியூசியம், 1990-இல் திறந்தது. வெற்றி, வீரம் என்ற பேச்சு அதில் கொஞ்சம். பனியில் உறைந்த ஆட்கள், எழுதி அனுப்பாமல் போன கடிதங்கள், முகம் சிதைந்தவர்களின் போட்டோக்கள் என்று போகிறது. ஊருக்கு மேலே குன்றில் 7,014 இத்தாலிய வீரர்களின் எலும்புகளை வைத்த நினைவிடம். அதன் படிகளில் நின்று கீழே பார்த்தால் ஆறு பச்சை மரகதமாக ஓடுகிறது. அந்த நிறத்துக்கு முன்னால் பேச்சு வரவில்லை.

வண்டி வைத்திருந்தால் விர்ஷிச் கணவாய்க்கும் போங்கள். 1,611 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 50 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. கொல்லிமலையின் 70-ஐப் பார்த்தவருக்கு எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த ரோட்டைப் போட்டது ரஷ்யப் போர்க்கைதிகள். 1916 மார்ச்சில் பனிச்சரிவில் நூறு பேருக்கு மேல் புதைந்து போனார்கள். மிச்சம் இருந்த கைதிகள் செத்தவர்களுக்காக மரத்தால் ஒரு சின்னக் கோயில் கட்டினார்கள். வளைவு ஒன்றின் ஓரத்தில், காட்டுக்குள் இருக்கிறது. வண்டியை நிறுத்தாமல் போய்விடாதீர்கள்.

சைவம். என்ன சாப்பிடுவது?
– வாசகி, சோழவந்தான்

சிரமம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் நம் களியை அங்கே பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? பக்வீட் என்ற தானிய மாவைக் கொதிநீரில் கிண்டி, முள்கரண்டியால் உதிர்த்து வைக்கிறார்கள். புளித்த பாலும் தருகிறார்கள். களியும் மோரும்! முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே பன்றிக்கொழுப்பைப் பொரித்துத் தூவிவிடுவார்கள். கொபாரித்தில் வால்நட் பூரணம் வைத்து அவித்த ஒரு பலகாரம் உண்டு, கொழுக்கட்டைக்குச் சித்தப்பா பிள்ளை. பொஹீனுக்கே உரிய மோஹான்ட் என்ற சீஸை வாங்கி அறையில் வைத்தேன். அன்று ராத்திரி ஜன்னலைத் திறந்துபோட்டுக் குளிரில் தூங்கினோம். எதற்கும் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் வரலாமா? எந்த மாதம்? விசா?
– கே.பி., நாகமலை புதுக்கோட்டை

தாராளமாக வரலாம். வோகெல் மலைக்கு ரோப் கார் இருக்கிறது, 1,535 மீட்டரில் கொண்டுபோய் விடும். சவித்சா அருவி மட்டும் வேண்டாம். 500 படிக்கு மேல். நான் ஏறினேன், வீட்டம்மா கீழே டீக்கடையில் இருந்தாள், அவள்தான் புத்திசாலி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சரியான காலம். மழைக்கோட்டு கட்டாயம். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா) வேண்டும், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். இன்னொன்று, நாடு முழுக்கவே 21 லட்சம் பேர்தான். 2011 கணக்கெடுப்பில் நம் மதுரை மாவட்டம் மட்டுமே 30 லட்சம். சாயங்காலம் எட்டு மணிக்கு மேல் கிராமத்தில் கடை தேடாதீர்கள்.

அங்கிருந்து என்ன வாங்கி வந்தீர்கள்?
– ஜே., எல்லிஸ் நகர்

தேன். வேறு எதை வாங்குவது? அவர்கள் ஊர்த் தேனீ சாம்பல் நிறம், குணம் சாது. ஆன்டன் யான்ஷா என்று அந்த நாட்டுக் கிராமத்தான் ஒருவர், வியன்னாவில் மகாராணி மரியா தெரேசா காலத்தில் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்தார். 1734-இல் பிறந்தவர். அவர் நினைவாகத்தான் மே 20-ஐ உலகத் தேனீ நாளாக ஐ.நா. அறிவித்தது.

தேன்பெட்டிகளை அலமாரி மாதிரி அடுக்கி, ஒவ்வொன்றின் முகப்புப் பலகையிலும் படம் தீட்டுவது அங்கே பழைய வழக்கம். கிடைத்திருப்பதில் பழசு 1758-ஆம் வருஷத்தது. ராடோவ்லிட்சா ஊரில் தேனீ மியூசியத்தில் நிறையப் பார்த்தோம். சாமி படங்கள் ஒரு பக்கம் இருந்தால், கிண்டல் படங்கள் இன்னொரு பக்கம். வேட்டைக்காரன் செத்துப்போக மிருகங்கள் பாடை தூக்குகிற படம் ஒன்று. பெண்ணின் நாக்கைச் சாத்தான் சாணைக்கல்லில் வைத்துத் தீட்டுகிற படம் இன்னொன்று. இரண்டாவதன் நகலை நான் ஆசையாக வாங்கிவிட்டேன். அது இப்போது எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. சாணை பிடிக்கிறவனைக் காட்டி இது யார் என்று பேரன் கேட்டால், வீட்டம்மா யோசிக்காமல் "உன் தாத்தா" என்கிறாள்.